மாட்டிப் பாத்துடலாம்

என் அக்கா புருஷனுக்கு "சேராது" என்று சொல்ல வராது. கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். யார் எந்தக் கம்பெனி லென்ஸைக் கொண்டுவந்து எந்தக் கேமராவுக்குச் சேருமா என்று கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான். "மாட்டிப் பாத்துடலாம்." சேர்ந்துவிட்டால் அவருக்குப் பெருமை பிடிபடாது. சேரவில்லை என்றால் அதைவிடச் சந்தோஷம், அன்று முழுக்க அவருக்கு வேலை கிடைத்துவிடும்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னைப் பாப்பா என்பார். எங்கள் பக்கத்தில் கொழுந்தியாள் மாமனைக் கேலி செய்யவில்லை என்றால் இரண்டு வீட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்கு நான் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

அந்தக் காலத்தில் கேமராவோடு ஒரு லென்ஸ்தான் வரும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க வேண்டும், அல்லது அகலமாக எடுக்க வேண்டும் என்றால் வேறு லென்ஸ் வாங்க வேண்டும். கேமராக் கம்பெனியே செய்த லென்ஸ் யானை விலை. அதனால் ஆட்கள் வேறு கம்பெனி லென்ஸ் தேடுவார்கள், சிங்கப்பூரில் இருக்கிற மச்சானுக்குக் கடிதம் போடுவார்கள். மச்சானும் பாசமாக ஒன்றை வாங்கிப் புடவையில் சுற்றி யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அது எந்தக் கேமராவுக்கு என்று அவரும் கேட்டிருக்க மாட்டார், இவர்களும் எழுதியிருக்க மாட்டார்கள். முன்னால் மாட்டுவதுதானே, எதுவாக இருந்தால் என்ன என்று ஒரு நம்பிக்கை. அப்படி வந்து, எதிலும் சேராமல் நின்ற லென்ஸ்கள் எல்லாம் கடைசியில் மாமாவின் மேசைக்கு வந்துசேரும்.

சில லென்ஸின் பின்னால் திருகு மரை இருக்கும். கேமராவில் மரை இருக்காது, மூன்று பல் இருக்கும். மாமா பக்கத்து லேத் பட்டறையில் ஒரு பித்தளை வளையம் கடைந்துவந்து, நடுவில் போட்டு, இரண்டையும் சேர்த்துவைப்பார். அதோடு முடியாது. வளையம் கொஞ்சம் தடித்துப்போனால் கிட்டத்தில் இருப்பது மட்டும் பளிச்சென்று விழும், தூரத்தில் இருப்பது மங்கிப்போகும். அதைச் சோதித்துப் பார்க்க அவர் வைத்திருந்தது கல்வராயன் மலை. மேகம் இல்லாத காலையாகப் பார்த்து மொட்டைமாடிக்கு ஏறி, மேற்கே கேமராவைத் திருப்புவார்.

"மலை வுழுதா மாமா?" என்று நான் கீழேயிருந்து கத்துவேன்.

"மலை வுழுது. மேல கீற மரம் வுழல. வளையத்த இன்னும் ஒரு மயிரிழை கம்மி பண்ணணும்."

"உங்க லென்ஸுக்காவ மலைய கொஞ்சம் முன்னாடி வந்து நிக்கச் சொல்லட்டா?"

"நீ டீச்சராச்சே, சொன்னா கேக்கும், சொல்லிப் பாரு" என்பார். கண்ணை மட்டும் கேமராவிலிருந்து எடுக்க மாட்டார்.

இந்தப் பழக்கம் கேமராவோடு நின்றிருந்தால் என் அக்கா நிம்மதியாக இருந்திருப்பாள். அவர்கள் வீட்டு டார்ச் லைட்டின் தலை ஒரு கம்பெனி, உடம்பு ஒரு கம்பெனி. மிக்ஸியின் ஜாடி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிற்று. அதே கம்பெனி வளையம் கடையில் இல்லை. மாமா வேறு கம்பெனி வளையத்தை வெந்நீரில் ஊறப்போட்டு இழுத்து மாட்டிவிட்டார். மூடி அழகாகப் போய் உட்கார்ந்தது. அதன்பிறகு எழுந்துகொள்ளவில்லை. உள்ளே துவரம்பருப்பு. அக்கா குக்கரை மடியில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டத் தெரிஞ்சா போதுமா? கழட்டத் தெரிய வேணாமா?" என்றாள்.

"இரும்மே, சூடு ஆறட்டும். தன்னால வரும்."

"பருப்பு ஊசிப்போனப்புறம் தன்னாலதான் வரும்."

அன்று நாங்கள் சோற்றுக்கு மோரும் ஊறுகாயும்தான் தொட்டுக்கொண்டோம். மாமா இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவரைத் திட்டவும் முடியாது. முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

விளையாட்டுப் பிள்ளை மாதிரி இருந்தாலும் படம் எடுக்கும்போது அவர் வேறு ஆள். ஒரு முகம் விட்டுப்போனாலும் பொத்தானை அமுக்க மாட்டார். ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. கடைசி வரிசையில் ஒரு கிழவர் ஒவ்வொரு தடவையும் சரியாகக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா அவருக்காகவே மத்தியானம் வரை எல்லாரையும் நிற்கவைத்தார். குழந்தை அழுதது, மருமகள் முணுமுணுத்தாள், மாமா அசையவில்லை. "நாளைக்கு அவுரு இல்லாங்காட்டி இந்தப் படத்துலதாம்மா தேடுவீங்க" என்றார். முணுமுணுத்தவள் வாயை மூடிக்கொண்டு முந்தானையைச் சரிசெய்து நின்றாள். அவரைப் பற்றி எனக்குள் இருக்கிற மரியாதை அந்த மாதிரி நேரங்களில் சேர்ந்ததுதான்.

அப்போதுதான் தானாகவே ஃபோகஸ் செய்துகொள்ளும் கேமரா வந்தது. மாமா சென்னைக்குப் போய் ஒன்று வாங்கிவந்தார். பொத்தானைப் பாதி அமுக்கினால் லென்ஸ் சர்ரென்று தானே திரும்பும். முதல் நாள் எங்கள் எல்லாருக்கும் அதைக் காட்டிக் குதித்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் வாடிப்போனார். "எல்லாம் அதுவே பாத்துக்குதாம். அப்ப நான் எதுக்கு?" என்றார். உடனே பழைய லென்ஸ்களை எல்லாம் எடுத்து வரிசையாக அதில் மாட்ட ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் முகம் தெளிந்தது.

அந்தச் சமயத்தில் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் நீளமான லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. வேறு கம்பெனி, ஆனால் பல் அதே பல். மாமாவின் பழைய கேமராவில் மாட்டியபோது மலைமேல் இருக்கிற மரம் வரைக்கும் விழுந்தது. புதுக் கேமராவில் மாட்டிப் பார்க்கும் முன்னால் நான் ஒரு கல்யாணத்துக்காக அவரை மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் அந்த லென்ஸையும் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளியில் எனக்கு வேலை. அங்கே சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பெண்ணுக்குத்தான் கல்யாணம். அந்தப் பெண்ணின் அப்பா மைசூருக்கு அந்தப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். கூடவே, ஒருவேளை வர முடியாமல் போனால் பொண்ணு மாப்பிள்ளையை ஊர் ஜனத்தோடு சேர்த்து நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துவையுங்கள் என்றும் சொல்லியிருந்தார். மலையில் போட்டோ பிடிக்க ஆள் ஏது? சமையலம்மா என்னிடம் கேட்டார், நான் மாமாவிடம் கேட்டேன், மாமா சாக்குக் கிடைத்ததென்று கிளம்பிவிட்டார்.

நாங்கள் கச்சிராயபாளையம் வழியாக மலையேறிய மறுநாள் கீழே சாலையெல்லாம் அடைபட்டுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டமே கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், பஸ் ஒன்றும் ஓடவில்லை என்று ரேடியோவில் கேட்டோம். போராடியவர்களில் என் கூடப் படித்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கேட்டதில் நியாயம் இருப்பதாகவும் நான் நினைத்தேன். ஆனால் சமையலம்மா அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றபோது நான் போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு வர முடியாதுங்களா டீச்சரம்மா?" என்றார்.

"நாள மாத்தி வெக்கக் கூடாதா?"

"பெரியவங்க குறிச்ச நாளு. மாத்த மாட்டாங்க." பிறகு மாமாவிடம் திரும்பினார். "சார், நீங்கதான் பாத்துக்கணும். ஒரே ஒரு படம் போதும். அவ, மாப்ள, ஊரு, எல்லாம் ஒண்ணா வுழுந்துடணும். அத்த அவருகிட்ட குடுத்துட்டன்னா எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"ஒரு மொகம் வுடாம எடுத்துத் தரேம்மா" என்றார் மாமா. நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

கல்யாணத்தன்று காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மாமா கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பாறைமேல் ஏறி நின்றார். அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும்.

"இத்தினி வருசமா கீழ இருந்து மலையப் பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்கி மலை மேல இருந்து கள்ளக்குறிச்சியப் பாத்துடலாம்" என்று சொல்லி அந்தச் சிங்கப்பூர் லென்ஸை வெளியே எடுத்தார்.

"மாமா, கல்யாணம் முடியட்டும்."

"ஒரே நிமிசம். மாட்டிப் பாத்துட்டு கழட்டிடறேன்."

புதுக் கேமராவில் லென்ஸ் வழுவழுவென்று உள்ளே போனது. டக்கென்று ஒரு சத்தம். மாமா பார்த்தார். கள்ளக்குறிச்சி தெரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அவர் பச்சைப்பிள்ளையாகச் சிரித்தது மட்டும் தெரியும். பிறகு லென்ஸைக் கழற்றுகிற பொத்தானை அழுத்திக்கொண்டு லென்ஸைத் திருப்பினார். வரவில்லை. இன்னொரு முறை திருப்பினார். வேட்டி நுனியால் பிடித்துத் திருப்பினார். பாறையில் உட்கார்ந்து கேமராவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திருப்பினார்.

பின்னால் சென்னையில் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த லென்ஸின் முதுகில் கூடுதலாக ஒரு குட்டி ஊசி துருத்திக்கொண்டிருந்தது. பழைய கேமராவில் அது எதன்மேலும் படாது. புதுக் கேமராவில், தானாக ஃபோகஸ் செய்வதற்கென்று ஒரு சின்னப் பள்ளம் வைத்திருந்தார்கள். ஊசி நேராகப் போய் அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஆனால் அன்று பாறைமேல் எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் குக்கர்தான்.

"சூடு ஆறட்டுமா மாமா?" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண் கலங்கியிருந்தது.

வேறு கேமரா கொண்டுவர வழியில்லை, கீழே சாலை அடைத்துக் கிடக்கிறது. அந்த நீள லென்ஸ் எதைப் பார்த்தாலும் முகத்துக்குக் கிட்டே இழுத்துவிடும். கல்யாண வீட்டு முன்னால் இருந்த வாசல் நீளமாக இருந்தாலும் நாலு எட்டு அகலம்தான், அதற்கப்புறம் சரிவு. மாமா பின்னால் நகர்ந்து நகர்ந்து சரிவின் விளிம்புக்கு வந்துவிட்டார். அப்போதும் பெண்ணின் முகம் விழுந்தால் மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை விழுந்தால் பெண் இல்லை. தாலி கட்டும்போது கையும் முடிச்சும் மட்டும் விழுந்தன. மாலை மாற்றியபோது மாலைதான் விழுந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது. சமையலம்மா சிரிக்கவில்லை.

"எல்லாம் ஒண்ணா வுழாதுங்களா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டுக்கு எதிரே, ஓடை ஓடுகிற பள்ளத்துக்கு அந்தப் பக்கம், இன்னொரு சரிவு இருந்தது. சாமை விளைகிற கொல்லை. "அங்க போய் நின்னா வுழும்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஓடையில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கொல்லை நடுவில் நின்றோம். மாமா ஸ்டாண்டை ஊன்றிக் கேமராவை வைத்துப் பார்த்தார். "வுழுது பாப்பா! ஊரே வுழுது!" என்றார். ஆனால் அங்கிருந்து கத்தினால் அவர் குரல் பாதி ஓடையிலேயே விழுந்துவிட்டது. எனக்குத்தான் வகுப்பில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவர் சொல்லச் சொல்ல நான் கத்தினேன். உயரமானவங்க பின்னால போங்க. கொழந்தைய தூக்கிக்குங்க. அண்ணே, துண்ட எடுங்க, பொண்ணு மொகம் மறையுது. அவர்களும் பதிலுக்குக் கத்தினார்கள். வலது இடது குழம்பி, ஊர் மொத்தமும் இரண்டு தடவை இடம் மாறியது. கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், சமையலம்மா பெண்ணுக்குப் பக்கத்தில், மற்ற எல்லாரும் சுற்றி, ஒருவர் பாக்கியில்லாமல் எங்களைப் பார்த்து நின்றார்கள்.

"யாரும் ஆடாதீங்க!" என்று கத்தினேன்.

மாமா பொத்தானில் விரலை வைத்தார். பிறகு எடுத்தார்.

"சே! எவனோ ஒருத்தன் பின்னால வந்து நிக்கறான். தலைல மூட்ட வேற. நகரச் சொல்லு."

வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கும். அது கருமந்துறைப் பக்கத்திலிருந்து, சேலம் மாவட்டத்திலிருந்து வருகிற வழி. எனக்கு வெறும் கண்ணுக்கு ஒரு ஆள் நிற்பது மட்டும்தான் தெரிந்தது. நான் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "பின்னால ஒரு ஆளு நிக்கறாரு! நகரச் சொல்லுங்க!"

அசையக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் ஒருத்தரும் திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். சமையலம்மாதான் அந்த ஆளை விரட்டக் கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்துப் பெண் திரும்பினாள். அவள் திரும்பியதைப் பார்த்து மாப்பிள்ளை, பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். பக்கத்தில் டக் என்று சத்தம் கேட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நின்றிருந்தார்.

"இன்னா மாமா, அமுக்கிட்டீங்க?"

"கை அமுக்கிடிச்சி" என்றார்.

அந்தப் பக்கம் ஒரே ஓட்டமும் கூச்சலுமாக இருந்தது. பெண்ணின் அப்பா ஆத்தூர் வரை எப்படியோ லாரி பிடித்து வந்து, அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். கச்சிராயபாளையம் வழியைப் பார்த்தே எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் முதுகுப் பக்கமாக வந்துவிட்டார். நாங்கள் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது பெண் அவர் தோளில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அவர் மூட்டையை இறக்கக்கூட இல்லை. நானும் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அவரையும் சேர்த்து இன்னொரு முறை எல்லாரையும் நிற்கவைக்கலாம் என்று மாமா அங்குமிங்கும் ஓடினார். அதற்குள் மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஓடையே தெரியவில்லை, எதிர்ச்சரிவு எங்கே தெரியப் போகிறது. இருட்டுவதற்குள் மாப்பிள்ளை ஊர் போய்ச் சேர வேண்டும் என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் நாங்கள் நடந்தே மலையிறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் குறுக்கே மரம். மறியல் செய்தவர்களில் சிலர் மாமாவின் கழுத்தில் தொங்கிய நீள லென்ஸைப் பார்த்துச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா சார், எங்கள போட்டோ புடிச்சி போலீசுக்குக் குடுக்கறீங்களா? அத்த கழட்டி உள்ள வையி."

"கழட்ட வந்தா நான் ஏம்ப்பா இப்புடி நிக்கறேன்? இந்தா, நீயே கழட்டு."

அவர்கள் நம்பவில்லை. ஒருவன் திருப்பிப் பார்த்தான். அவனைத் தள்ளிவிட்டு இன்னொருவன் திருப்பினான். சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் ஒருவன் சட்டையைக் கழற்றி லென்ஸைச் சுற்றிப் பிடித்து முக்கினான். கொஞ்ச நேரத்தில் வந்த வேலையை மறந்து எல்லாரும் கேமராவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாமாவும் அவர்களோடு உட்கார்ந்து, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கல்யாணக் கதையையும் சொன்னார்.

"அப்பங்காரன் வந்துட்டானா?" என்று கேட்டான் சைக்கிள் கடைக்காரன்.

"வந்துட்டாரு. ஆத்தூரு பக்கமா, நடந்தே."

அவன் கொஞ்ச நேரம் குறுக்கே கிடந்த மரத்தைப் பார்த்தான். "எங்களுக்கும் வேற வழி தெரியல சார்" என்றான். பிறகு எனக்குக் கைகொடுத்து மரத்தைத் தாண்டிவிட்டான்.

மாமா போட்டிருந்தது கறுப்பு வெள்ளை ஃபிலிம். தானே கழுவினார். நான் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அந்தப் படத்தை யாருக்கும் தெரியாமல் ஒரு உறைக்குள் வைத்திருந்தார். என்னிடம் மட்டும் காட்டினார். சாமைக் கொல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஊரே நின்றது. அத்தனையும் கொண்டை, தலைப்பாகை, முதுகு. பெண் யார் என்றே மாலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாருக்கும் மேலே, பாதையில், மூட்டையோடு ஒரு மனுஷன். அவர் முகம் ஒன்றுதான் விழுந்திருந்தது.

"ஒரு மொகம் வுடாம எடுத்துத் தரேன்னு அந்தம்மாகிட்ட சொன்னேனே பாப்பா" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் என் மாமா இல்லை. தனித்தனியாக எடுத்த பெண்ணின் முகத்தையும் மாப்பிள்ளையின் முகத்தையும் அளவாகச் சின்னதாக்கி அச்சுப்போட்டு, கத்தரித்து, அந்தக் கொண்டைகளின்மேல் ஒட்டி, மறுபடி அதைப் படம் பிடித்தார். முதுகுக்கு மேலே முகம். அக்கா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுவும் வேற கம்பெனிதானா?" என்றாள். மாமா அதைக் கிழித்துப்போட்டார். அந்த வாரம் யாருடைய லென்ஸையும் அவர் வாங்கவில்லை.

சமையலம்மாவுக்குத் தனித்தனி முகங்களை மட்டும் கொடுத்தனுப்பினார். சேர்ந்து நின்ற படம் சரியாக வரவில்லை என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அந்தம்மா முகம் சுருங்கியது.

மறியல் எல்லாம் ஓய்ந்து, பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, ஒருநாள் பெண்ணின் அப்பா ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். நான் அன்று அங்கேதான் இருந்தேன். எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போகிற வழி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து கைகூப்பினார்.

"சரியா வர்லன்னாலும் பரவால்ல சார். நான் வந்தன்னிக்கி எடுத்தீங்களாமே, அந்தப் படத்த ஒரு தபா காட்டுங்க. மறுபடி எப்ப வருவேனோ."

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் உறையை எடுத்துவந்து, படத்தை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"தப்பு என்னுதுதான். வேற லென்ஸ மாட்டிட்டேன், கழலல. எட்டப் போயி எடுத்தேன். எடுக்கற நேரத்துக்கு எல்லாம் திரும்பிட்டாங்க. நிக்கவெச்சவங்கள்ல ஒருத்தர் மொகமும் வுழல. உங்க பொண்ணு மொகமும் வுழல. மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிப் படத்தை நீட்டினார்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு முதுகின்மேல் விரலை வைத்தார். கழுத்து மாலையை வைத்து அது அவர் மகள் என்று எனக்குத் தெரிந்தது.

"இவ மொகம் இதுல எதுக்கு சார்? அத்த நான் எதுருல நின்னு பாத்துட்டேன்" என்றார். "அவ திரும்புனப்ப அவ கண்ணுக்கு இன்னா தெரிஞ்சிதுன்னு எனக்குத் தெரியாம இருந்துது. பாருங்க, நான் வந்துக்கினு இருக்கேன்."